ஏலகிரியில் நாலு, ஜவ்வாதில் ஆறு

ஜனவரி 23, 2025, வியாழன். வேலூர் – ஏலகிரி

"தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை, மரமில்லா மலை" என்று வேலூரைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆற்றையும் கோட்டையையும் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். மலையைப் பற்றிச் சொன்னால் மட்டும் மனசு ஒப்பாது. கோட்டைக்கு எதிரே நிற்கும் மொட்டைப் பாறைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிற பேச்சு அது. ஐம்பது கிலோமீட்டர், நூறு கிலோமீட்டர் போனால் ஏலகிரி, ஜவ்வாது, அமிர்தி என்று எவ்வளவோ இருக்கின்றன. எல்லாம் ஒரு காலத்தில் ஒரே வடஆற்காடு மாவட்டம். 1989-இல் இரண்டாகப் பிரித்தார்கள். 2019-இல் வேலூரை இன்னும் மூன்றாக்கினார்கள். இப்போது ஏலகிரியும் ஜவ்வாது மலையின் காவலூரும் திருப்பத்தூர் மாவட்டம், அதே மலையின் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், அமிர்தி மட்டும் வேலூர்.

"ஏலகிரி போகலாமா, ஜவ்வாது போகலாமா?" என்று ஆபீஸில் வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லி வந்தேன். இந்த முறை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட முடிவு செய்ததற்குக் காரணம் அம்மா. நவம்பரில் இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்தோம். கட்டு பிரித்த வாரம் வாசலில் உட்கார்ந்து, "வேப்பமரத்துல எலை தனித்தனியா தெரியுதுடா" என்றார். அன்று ராத்திரியே மாடிக்கு ஏறி அண்ணாந்து பார்த்தார். ஆலங்காயம் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். சின்ன வயசில் அறுப்புக் களத்தில் படுத்துக்கொண்டு ஆறுமீன் எண்ணியதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பஞ்சாங்கத்தில் கார்த்திகை என்று வருகிறதே, அந்த நட்சத்திரக் கொத்து. சத்துவாச்சாரி மாடியில் அது விரலால் துடைத்த திருநீறு மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். "கண்ணு சரியாத்தான் இருக்கு. வானந்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வார்த்தை என்னை விடவில்லை.

நான், மனைவி, அம்மா, தம்பியின் பன்னிரண்டு வயசு மகள், பழைய ஆல்டோ. அமாவாசைக்கு ஆறு நாள் இருந்ததால் முன்னிரவில் நிலா தொந்தரவு கிடையாது.

ஆம்பூரில் மதியம். சீரக சம்பா பிரியாணி 240 ரூபாய், கூட எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும். அம்மா "பீஸ் வாணாம், குஸ்கா போதும்" என்றார். பரிமாறியவர் குஸ்காவுக்குக் காசு வாங்கிக்கொண்டு, "கண்ணு ஆபரேசனா ஆயா? எங்கம்மாவுக்கும் பண்ணோம்" என்று இன்னொரு கரண்டி கத்தரிக்காய் போட்டுவிட்டுப் போனார். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பொன்னேரியில் திரும்பினால் மலை தொடங்கிவிடும். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பாப்பா ஜன்னலில் தலையை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் ஏழு. அதற்கு மேல் பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் ஏழு. கீழே பாடியவர்கள், மேலே கொடுத்தவர்கள். எந்த அதிகாரிக்கு இந்த யோசனை வந்ததோ, நல்ல மனசு. பேகன் வளைவில் ஜன்னலை இறக்கியபோது காற்று மாறியிருந்தது. கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். கீழே சட்டை ஒட்டியது, மேலே மனைவி சால்வையைத் தேடினாள்.

விடுதியில்தான் முதல் இடைஞ்சல். போனில் 2,400 என்று சொன்ன அறைக்கு நேரில் 3,200 கேட்டார்கள். "வீக்கெண்ட் ரேட் சார்" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த பையன். இன்றைக்கு வியாழக்கிழமை என்றேன். நாளை மறுநாள் சனி என்றான். அம்மா நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார், வேறு இடம் தேடிப் போகத் தெம்பில்லை, கொடுத்தேன். 800 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஒரு வயசான மனுஷியைப் பார்த்து, இவர்களால் திரும்பிப் போக முடியாது என்று கணக்குப் போட்டதுதான் வலித்தது.

ராத்திரி பனிமூட்டம். ஒரு மீன்கூட இல்லை.

ஜனவரி 24, வெள்ளி. ஏலகிரி

காலை ஆறரைக்குக் கைப்பேசி 14 டிகிரி காட்டியது. வெந்நீர் ஏழு மணிக்குள் நின்றுவிடும் என்பதை நேற்று யாரும் சொல்லவில்லை.

குறை சொல்லவே எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏலகிரியின் காலை நேரத்துக்கு ஈடு இந்தப் பக்கத்தில் கிடையாது. நிலாவூர்ப் பாதையில் நடந்தோம். பலா மரங்களுக்கு நடுவே மூட்டம் ஆள் உயரத்தில் நகர்ந்தது. ஒரு வீட்டு வாசலில் கேழ்வரகு காயப்போட்டிருந்த அம்மா, பாப்பாவைக் கூப்பிட்டு இரண்டு கொய்யா கொடுத்தார். காசு நீட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. பிறகு எங்கள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கால்மணி நேரம் பேசிய பிறகுதான் அந்த முகம் மலர்ந்தது. காசை எடுத்தது என் தப்பு.

சுவாமிமலைக்கு நானும் பாப்பாவும் மட்டும் ஏறினோம். பாதை தெளிவு, நடுவில் கொஞ்சம் செங்குத்து. உச்சிப் பாறையிலிருந்து கீழே சமவெளி, தண்டவாளம், ஜோலார்பேட்டைப் பக்கம் ஊர்ந்த ஒரு ரயில். தென்கிழக்கே நீலமாக ஒரு நீண்ட மேடு. "அதுதான் ஜவ்வாது, நாளைக்கு அங்கதான்" என்றேன். "இதவிடக் குட்டையா இருக்கே பெரியப்பா" என்றாள். குட்டைதான். காவலூர் இருப்பது 725 மீட்டரில்.

புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா, பலாச் சிப்ஸ். எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுத ஒன்றுமில்லை. டீ 20 ரூபாய், சாப்பாடு 150, சுமார்.

மாலை வானம் திறந்தது. ஏழரைக்கு ஆறுமீன் உச்சி வானத்தில் இருக்கும் என்று அம்மாவை விடுதிப் புல்வெளிக்கு அழைத்து வந்தேன். அங்கே மரத்துக்கு மரம் பச்சை, ஊதா விளக்குகளைச் சுற்றியிருந்தார்கள். பக்கத்து விடுதிக்குக் கம்பெனிக்காரர்கள் பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார்கள். ஸ்பீக்கர் அதிர்ந்தது. எதிரே கட்டி முடியாத விடுதியின் உச்சியில் ஒரு ஃபோகஸ் லைட், நேராக மேகத்துக்கு அடித்தது. யாருக்காக?

அம்மா கையைக் குடை மாதிரி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாலு தெரியுதுடா."

"நாலா?"

"நாலுதான். இன்னாத்துக்குடா மலை மேல இவ்ளோ லைட்டு? கீழ இருக்கறது பத்தலயா?"

பாட்டு பன்னிரண்டு மணிக்குத்தான் நின்றது. இரண்டு முறை போய்ச் சொன்னேன். இரண்டு முறையும் "ஓகே சார்" என்றார்கள்.

ஜனவரி 25, சனி. காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர்

இறக்கத்தில் இரண்டாம் கியரை விட்டு மாறவில்லை. எங்களுக்கு முன்னால் போன பெங்களூர் வண்டி நியூட்ரலில் பிரேக்கை மிதித்தே வந்தது. கபிலர் வளைவில் புகைநாற்றத்தோடு ஓரம் கட்டிவிட்டது. தண்ணீர் கேட்டார்கள். சக்கரத்தில் ஊற்றாதீர்கள், அரைமணி ஆறவிடுங்கள் என்று சொல்லி, குழந்தைகள் குடிக்க ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வந்தோம்.

வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம். அம்மாவின் ஊர் வழியில் இருக்கிறது. களம் இருந்த இடத்தில் இப்போது மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கிறார்கள். அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

காவலூர் ஏற்றம் ஏலகிரி மாதிரி கிடையாது. வளைவுகளுக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. காடு மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் நெருங்கும், எப்போது மேலே வந்தோம் என்றே தெரியாது. சந்தனக் காட்டுக்கு நடுவில் வைணு பாப்பு வானாய்வகம். சனிக்கிழமை மாலை பொதுமக்களை அனுமதிக்கிறார்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரியனைப் பார்க்கலாம், ராத்திரி வானத்துக்கு மேகம் குறைந்த, விளக்கில்லாத, தெற்கே தள்ளிய இடம் வேண்டும் என்று தேடி, இந்த மலைக்கு வந்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கியோடு தொடக்கம். 1972-இல் கார்ல் ஸைஸ் (Carl Zeiss) கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977 மார்ச்சில் உலகம் அறிந்ததே, அந்த ராத்திரிச் சான்று பதிவான இடங்களில் நம் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். நம் நாட்டிலேயே செய்த 2.3 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்காக உழைத்த பாப்பு 1982-இலேயே இறந்துவிட்டார். அந்த வெள்ளைக் கூண்டுக்குக் கீழே நின்றபோது அதுதான் மனதில் ஓடியது. கண்ணாடி தயாராகும் முன்பே, பார்க்க வேண்டியவர் போய்விட்டார்.

வரிசை நீளம். வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கும் ஒரே மாலையில் தெரிகின்றன என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதில் நல்ல கூட்டம். காவலாளி ஒருவர் அம்மாவைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பாப்பா கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்தபோது அவரே வந்து, அதட்டாமல், "பாப்பா, அத அணைச்சிட்டு பத்து நிமிசம் இருட்டுல நில்லு. கண்ணு தானா பழகும்" என்றார். பழகியது. முதலில் கறுப்பாய் இருந்த இடத்தில் மரம், பாதை, பக்கத்து ஆளின் சட்டை எல்லாம் மெல்ல வந்தன.

சிறிய தொலைநோக்கியில் முதலில் சனி. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "வளையம் எங்க?" என்றார். வளையத்தின் விளிம்பு இந்த வருஷம் நம்மை நோக்கித் திரும்புகிறது, அதனால் மெலிந்து தெரிகிறது, சுமார் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஆகும் என்று அங்கிருந்தவர் விளக்கினார். அம்மா மறுபடி பார்த்தார். "ஊசியில கோத்த பாசிமணி மாதிரி இருக்கு" என்றார். வரிசையில் நின்றவர்கள் அந்தச் சொல்லை வாங்கி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வியாழனுக்குப் பக்கத்தில் நிலாக்கள் நேர்கோட்டில் புள்ளி புள்ளியாக.

வடமேற்கே ஆலங்காயம், வாணியம்பாடி பக்கம் வானத்தின் அடிவிளிம்பு வெளுத்திருந்தது. அங்கிருந்து மேலே ஏறும் வெளுப்புதான் இந்த மலைக்குப் பகை.

ஒன்பது மணிக்குக் கிளம்பி ஜமுனாமரத்தூர்ச் சாலையில் பாதி தூரம் வந்திருப்போம், பின்சக்கரம் தடதடத்தது. பஞ்சர். கைப்பேசியில் சிக்னல் கிடையாது. ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் பாதிக் காற்றுதான். ஊரில் கிளம்பும்போது பார்த்திருக்க வேண்டியது. மனைவி ஒன்றும் பேசாமல் அம்மாவை ஒரு சிறுபாலத்துத் திண்டில் உட்கார வைத்துச் சால்வையைச் சுற்றினாள். வண்டி விளக்கை அணைத்தேன்.

அணைத்ததும், அது வரை இல்லாத வானம் ஒன்று எங்கள் தலைமேல் இறங்கியது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே சாலை அகலத்துக்கு ஒரு வானத்து ஆறு. செவ்வாய் தணல் மாதிரி. ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன். தெற்கே காட்டு விளிம்புக்கு மேலே தனியாக, நடுங்காமல் ஒன்று. "அகத்தியர்டா அது" என்றார் அம்மா. யாரும் சொல்லித்தரவில்லை. அறுபது வருஷத்துக்கு முன் களத்தில் படுத்த பெண்ணுக்கு அது மறக்கவில்லை.

பிறகு மேற்கே திரும்பி, விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஆறு. மறுபடி எண்ணினார். ஆறு. பாப்பா எட்டு என்றாள். "உனக்கு எட்டு தெரியும். எனக்கு ஆறு போதும்."

பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள், மாமன் மச்சான். ஒருவர் டார்ச் பிடிக்க, மற்றவர் என்னிடமிருந்து ஜாக்கியை வாங்கிக்கொண்டார். அரைக்காற்று ஸ்டெப்னியை மாட்டி, "இருபதுலயே போங்க, பின்னாடியே வர்றோம்" என்று ஜமுனாமரத்தூர் வரை கூடவே வந்தார்கள். பணம் எடுத்தேன். முந்தின நாள் காலையில் கொய்யாவுக்குச் செய்த தப்பு நினைவுக்கு வந்து, எடுத்த கை பாதியில் நின்றது. வயசில் மூத்தவர் கொஞ்சம் தயங்கி, "அதெல்லாம் வாணாம் சார். திங்கக்கெழம வேலூருக்குத்தான் எறங்கறீங்களா? என் பொண்ணு அங்க நர்சிங் படிக்குது. பஸ்ஸுக்கு நின்னா பொழுது போயிடும்" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு. ஜமுனாமரத்தூர்

அறை 1,000 ரூபாய். சுவரில் ஈரம், கொசுவலை கிடையாது, வெந்நீர் விறகடுப்பில் போட்டு வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஏலகிரியோடு வசதியை ஒப்பிட்டால் இங்கே ஒன்றுமே இல்லை. கழிவறை எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் வயசானவர்களை அழைத்து வர வேண்டும். இது உண்மை, மறைக்க மாட்டேன்.

பஞ்சர் ஒட்ட 150. கடைக்காரர் ஸ்டெப்னிக்கும் காற்றடித்துவிட்டு அதற்குத் தனியாகக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். பாப்பா ஓரமாக நின்று பார்த்தாள். ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி, மிட்டாயும் கொடுத்தனுப்பினார்.

மதியச் சாப்பாடுதான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த சாப்பாடு. முன்கூட்டிச் சொன்னதால் ஒரு வீட்டில் சமைத்துக் கொடுத்தார்கள். சாமைச் சோறு, பச்சை மொச்சைக் குழம்பு, கீரை, ஆளுக்கு 80 ரூபாய். ஜவ்வாது மலையில் சாமைதான் பழைய சோறு. பானையிலிருந்து எடுக்கும்போது உதிரியாக, மணல் மாதிரி விழுந்தது. அரிசிச் சோறு தின்கிற அவசரத்தில் தின்றால் விக்கும், மெதுவாகத்தான் தின்ன வேண்டும். மனைவி இரண்டு கிலோ சாமை வாங்கிக்கொண்டாள்.

பீமன் அருவியில் தண்ணீர் குறைவு, ஆனால் சுத்தம். கூட்டம் இருந்தது, பாட்டுச் சத்தம் இல்லை. மரத்தடியில் ஒரு குடும்பம் புளி உடைத்துக்கொண்டிருந்தது. ஓடு தனி, நார் தனி, கொட்டை தனி. அம்மா கேட்காமலே போய் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ராத்திரி விடுதி மாடியில் அம்மா எண்ணியது ஐந்து. கடைத்தெரு விளக்கு ஒன்றைத் தின்றுவிட்டது.

ஜனவரி 27, திங்கள். அமிர்தி வழியாக வேலூர்

அந்தப் பெண் ஒரு பையும் ஒரு புளிமூட்டையுமாகச் சாலையில் நின்றாள். அமிர்திப் பக்கம் இறங்கும் சாலை குறுகல், எதிரே பஸ் வந்தால் யாராவது பின்னால் போக வேண்டும். மூன்று முறை நான் போனேன்.

அம்மா சனி ராத்திரிக் கதையைச் சொல்லி, "உங்க ஊரு இருட்டு ரொம்ப அழகும்மா" என்றார். அவள் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "எங்களுக்குத் தெருவுல மூணு லைட்டுதான் ஆயா. ஒண்ணுதான் எரியும். போன மழையில எங்க சித்தப்பாவ வாசல்லயே பாம்பு கடிச்சிடுச்சு. மூணும் எரியட்டும்னுதான் நாங்க மனு குடுத்திருக்கோம்."

வண்டிக்குள் யாரும் பேசவில்லை. இருட்டை ரசித்துவிட்டு விடிந்ததும் இறங்கிப்போகிறவர்கள் நாங்கள். அதில் நடந்து வீடு போகிறவள் அவள். "சித்தப்பா எப்படி இருக்கார்?" என்றாள் மனைவி. பிழைத்துவிட்டார், கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும் என்றாள்.

பிறகு அவளே, "காவலூர்க்காரங்க லைட்டுக்கு மேல மூடி போட்டு வச்சிருப்பாங்க, பாத்தீங்களா? வெளிச்சம் தரையில மட்டும் விழும். அந்த மாதிரி எங்களுக்கும் போட்டா பாம்பும் தெரியும், மீனும் தெரியும்" என்றாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அமிர்தியில் இறங்கியதும் வெக்கை. மான், மயில், முதலை பார்க்கக் குழந்தைகளுக்கு நல்ல இடம், வேலூரிலிருந்து அரை நாளில் போய் வரலாம். மலைக்குப் போன நிறைவு வேண்டுமென்றால் அது கிடைக்காது, அடிவாரம்தான். கணியம்பாடி தாண்டி வேலூர் வந்து அவளை விடுதி வாசலில் இறக்கினோம். புளியில் பாதியை அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்ல அம்மா வாயே திறக்கவில்லை, வாங்கிக்கொண்டார்.

இனி ஆபீஸில் கேட்டால் சொல்லிவிடுவேன். குளிரும் காலை மூட்டமும், குழந்தைகளுக்குப் படகும் வேண்டுமென்றால் ஏலகிரி. வார நாளில், ஏரியிலிருந்து தள்ளி அறை எடுங்கள், வாடகையை எழுத்தில் வாங்குங்கள். கால் நல்லபடி இருந்து, வாளி வெந்நீர் போதும் என்றால் ஜவ்வாது. சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்றைப் பாருங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு அம்மா மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். எதிர்த் தெருவிளக்கு அவர் முகத்துக்கு நேராக அடித்தது. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி அந்த விளக்கை மறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு" என்றார். தலைப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். "மூணாவது வருது, போவுது."

கொஞ்ச நேரம் கழித்து, கையை இறக்காமலே கேட்டார். "ஏம்ப்பா, அந்த லைட்டுக்கு ஒரு மூடி போடணும்னா யாருகிட்ட மனு குடுக்கணும்?"